சடையா, பின்னலா? ஒரு பழைய படத்தின் அடியில் எழுத வேண்டிய சொல்

மதுரைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய படங்களை ஒரே தொகுப்பாக ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதி வருகிறேன். என் அம்மாவின் சிறு வயதுப் படம் ஒன்றில் அந்த வேலை நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, முகம் நம்மைப் பார்க்கவும், பின்புறம் கண்ணாடியில் தெரியவும் எடுத்த படம் அது. இடுப்புக்குக் கீழே வரை மல்லிகை மொட்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நுனியில் குஞ்சலம் தொங்குகிறது. "பூச்சடை தைத்த அன்று" என்று எழுதி வைத்தேன்.

என் கணவர் குடும்பம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. அதைப் படித்த என் மாமியார், "இவ்வளவு வடிவான பின்னலை ஏன் சடை என்று எழுதியிருக்கிறீர், பிள்ளை?" என்று உண்மையான வருத்தத்துடன் கேட்டார். அப்போதுதான் எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று விளங்கியது. திருமணமான புதிதில் ஒருநாள் காலையில் அவர் என்னைப் பார்த்து, "தலை சடையாக் கிடக்கு, கொண்டாரும், இழுத்து விடுறன்" என்றார். முதல் நாள் இரவு நான் பின்னிய சடை அவிழாமல் இருக்கிறது என்று சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, சீவி விடுகிறேன் என்பதே அவர் சொன்னதன் பொருள் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் சடை என்றால் ஒழுங்காக வாரி, வகிடெடுத்து, பின்னித் தொங்கவிட்ட கூந்தல். அவர்கள் பக்கத்தில் வாராத தலைக்கும் அதே சொல். ஒரு சொல் இப்படி இரு முனைகளில் நிற்பது எவ்வாறு? படத்தின் அடியில் எதை எழுதுவது சரி? அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

வடமராட்சி

உங்கள் மாமியார் சொன்னது எங்கள் ஊர் வழக்குக்கு முற்றிலும் பொருந்தும். நாங்கள் தலைமயிரைச் சீவுவதை "தலை இழுத்தல்" என்றே சொல்லுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது இரட்டைப் பின்னல். சடை என்ற சொல் எங்களுக்கு அடர்த்தியையும் கலைவையும் ஒன்றாகக் காட்டும். உடம்பெல்லாம் மயிர் மண்டிய நாய் சடைநாய். கிளை விட்டு நிழல் பரப்பி நிற்கும் மாமரத்தை "நல்லாச் சடைச்சு நிக்குது" என்போம்; அது புகழ்ச்சி. ஆகவே அந்தச் சொல்லில் எப்போதும் இகழ்ச்சி இருப்பதாக எண்ண வேண்டாம். மரத்துக்குச் சொன்னால் செழிப்பு, பெண்பிள்ளையின் தலைக்குச் சொன்னால் கவனிப்பின்மை, அவ்வளவுதான்.

பின்னுதல் என்பது எங்களுக்குத் தலைக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. தென்னோலையை நனைய வைத்து, நடு மட்டையோடு பிளந்து, ஓலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்து வேலிக்கும் கூரைக்கும் ஆக்குவதைக் கிடுகு பின்னுதல் என்றுதான் சொல்லுகிறோம். தமிழகத்தில் இதையே கீற்று முடைதல் என்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் அம்மம்மா முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருக்கும்போது என் அக்காவைத் தனக்கு முன்னால் குந்தவைத்துத் தலையும் பின்னி விடுவார். அந்த விரல்களுக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்தது.

---

உரைவழி

கேள்வி மிக நல்ல கேள்வி. என் கருத்தில் வியப்புக்குரியது யாழ்ப்பாண வழக்கு அன்று, மதுரை வழக்கே. ஏனெனில் சடை என்ற சொல்லின் பழைய பொருள் யாழ்ப்பாணத்தில்தான் அருகிலேயே நிற்கிறது.

வடமொழியில் ஜடா என்பது துறவியின் திரண்டு ஒட்டிய முடி. தமிழில் அது சடை என்றாகி மிகத் தொன்மையான நூல்களிலேயே வந்துவிட்டது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்து இறைவனைத் "தாழ்சடைப் பொலிந்த அருந்தவத்தோன்" என்கிறது. அங்கே சடையும் தவமும் ஒரே தொடரில் நிற்பதைக் கவனியுங்கள். தேவாரத்தில் செஞ்சடை, விரிசடை, புரிசடை என்று அடைமொழிகள் பெருகுகின்றன. திருப்பனந்தாள் கோயிலில் இறைவன் பெயரே செஞ்சடையப்பர். "மழித்தலும் நீட்டலும் வேண்டா" என்ற குறளில் நீட்டல் என்பதற்குப் பரிமேலழகர் சடையாக்கல் என்றே பொருள் எழுதுகிறார். ஆக, பல நூற்றாண்டுகள் இச்சொல் சீப்புப் படாத முடியையே குறித்தது. சடையன் என்பது பாண்டியர் பெயராகவும் வழங்கியது. 1251-இல் அரியணை ஏறிய சுந்தர பாண்டியன் சடையவர்மன் என்ற பட்டம் உடையவன்.

பெண்களின் கூந்தலுக்குப் பழந்தமிழில் வேறு சொற்கள் இருந்தன. ஐம்பால் என்பது அவற்றுள் ஒன்று. கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதால் அப்பெயர் என்று உரைகள் சொல்லும். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது பலரும் அறிந்த வரிசை. அவற்றுள் பனிச்சையைப் பின்னி விடுதல் என்று விளக்குவர். பின்னகம் என்ற சொல்லும் பின்னிய கூந்தலைக் குறிக்கும். பழையோர் பின்னாமல் இருந்தார்கள் என்பதன்று. பின்னியதைச் சடை என்று அழைக்கவில்லை.

பிறகு எப்படி இந்த மாற்றம்? இரண்டு முடிக்கும் பொதுவான ஒன்று உண்டு. தனித்தனி மயிராக விரியாமல் ஒன்றாய்த் திரண்டு, கயிறு போல் கீழே தொங்குவது. தவசியிடம் அது தானாகத் திரண்டது, பெண்ணிடம் கையால் திரட்டியது. சடை என்ற சொல் திரண்டு தொங்கும் வடிவத்தைப் பார்க்கிறது. பின்னல் என்ற சொல் அதை ஆக்கிய கையைப் பார்க்கிறது. ஒரே பொருளுக்கு இரு பெயர் என்று இவற்றை அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறோம், ஆனால் இரண்டும் பார்க்கும் இடம் வேறு. அதனால்தான் "சடை பின்னினாள்" என்ற தொடரில் இரண்டும் இயல்பாகச் சேர்ந்து வருகின்றன. வடிவம் செயப்படுபொருள், வேலை வினை.

---

கோவில்பட்டி வாசகர்

உரைவழி அவர்கள் சொன்னதுடன் அக்கம்பக்கத்து மொழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தெலுங்கில் பின்னிய கூந்தலுக்கு ஜட என்றுதான் பெயர். பின்னுவதை "ஜட வேயடம்", அதாவது ஜடை போடுதல் என்பார்கள். கன்னடத்திலும் ஜடெ. எனவே பெண்களின் பின்னிய கூந்தலைக் குறிக்கும் பொருள் தமிழில் மட்டும் தோன்றிய விந்தை அன்று. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் தமிழகத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. பேச்சில் சிலர் சடை என்றும் சிலர் ஜடை என்றும் ஒலிப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

---

நாஞ்சில்

மேற்கே பார்த்தால் நிலைமை வேறு. மலையாளத்தில் ஜட என்றால் இன்றும் துறவியின் முடியும் சிக்குப் பிடித்த முடியும்தான். ஒழுங்காகப் பின்னிய கூந்தலைச் சொல்ல பின்னு, மெடை என்ற வினைகளைப் பயன்படுத்துவார்கள். மெடையும் நம் முடைதல், மிடைதல் ஆகியவற்றின் உறவுக்காரச் சொல். ஆக, மதுரை தெலுங்கோடும் கன்னடத்தோடும் நிற்கிறது, யாழ்ப்பாணம் மலையாளத்தோடு நிற்கிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டும் காதில் விழும்.

---

இளவேனில்

இவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்று தோன்றுகிறது. தலைக்குப் பின்னால் தொங்குவதால் பின்னல் என்று பெயர் வந்தது என்றுதான் எனக்கு எங்கள் தமிழாசிரியை சொல்லிக் கொடுத்தார். முன்னால் தொங்கினால் அது முன்னல் ஆகியிருக்கும் என்றும் சொல்வார். அது தவறா?

---

திருப்பூர் நூல்

நினைவில் வைத்துக்கொள்ள எளிய விளக்கம்தான். ஆனால் சரியன்று என்று கருதுகிறேன். பின் என்ற இடப்பெயருக்கும் பின்னு என்ற வினைக்கும் ஒலி ஒன்றாக இருக்கிறது, பொருள் ஒன்றாக இல்லை. கூடையைப் பின்னுகிறோம், அதில் பின்புறம் எது? ஒயர்க்கூடை பின்னும் பெண்களிடம் கேளுங்கள்: சிவன்கண், நெல்லிக்காய் என்று பின்னல் வகைகளுக்கே பெயர் உண்டு. கட்டிலுக்குக் கயிறு பின்னுகிறோம். நடக்க முடியாமல் தளர்ந்தவரைக் "கால் பின்னுகிறது" என்கிறோம். ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே போய் விழுகிறது என்பது அதன் பொருள். நல்ல ஆட்டக்காரனை "பின்னிட்டான்" என்று பாராட்டுவதும், அடித்து நொறுக்கியவனை "பின்னி எடுத்துட்டான்" என்பதும் அதே வினையின் வழிதான். கை நிற்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வருகிற வேகம் அந்தப் பேச்சில் இருக்கிறது. வலைப்பின்னல், நரம்புப் பின்னல் என்று அறிவியலாரும் எடுத்துக்கொண்டார்கள். இவை எவற்றிலும் பின்புறத்துக்கு இடமில்லை. இழைகள் ஒன்றன் குறுக்கே ஒன்று போவதே அடிப்படை.

என் தொழிலையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரைச் செய்தித்தாள்கள் பின்னலாடை நகரம் என்று எழுதுகின்றன. ஊருக்குள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "பனியன் கம்பெனிக்குப் போகிறேன்" என்பார்கள். பின்னலாடையில் நடப்பதும் தலையில் நடப்பதும் வேறு வேறு. துணியில் நூல் வளையம் வளையமாக விழுந்து, ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் நுழைகிறது. தலைப்பின்னலில் வளையமே கிடையாது. மூன்று தனி இழைகள் மாறி மாறி நடுவுக்கு வருகின்றன. இருந்தும் இரண்டுக்கும் பின்னல் என்ற சொல் பொருந்துவதில் எனக்கு மகிழ்ச்சிதான். தறியில் பாவும் ஊடும் செங்குத்தாகச் சந்திக்கும் நெசவுக்கு நெய்தல் என்று தனிச்சொல் வைத்திருக்கிற மொழி, நூல் வளைந்து கோத்துக்கொள்ளும் வேலைக்கு வேறு வினையைத் தேடிக் கொடுத்திருக்கிறது.

---

இளவேனில்

ஏற்றுக்கொள்கிறேன். கூடையின் பின்புறம் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மற்றொன்று கேட்கிறேன்: கயிறு திரிப்பதற்கும் சடை பின்னுவதற்கும் வேறுபாடு என்ன? இரண்டும் கயிறு போலத்தானே முடிகின்றன?

---

பூத்தொடுப்பவர்

இதற்கு நான் விடை சொல்லலாம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமணத்துக்கும் வளைகாப்புக்கும் சடை தைத்துக் கொடுக்கிறேன்.

திரித்தல் என்பது முறுக்குவது. இரண்டு புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து மறுபக்கமாக முறுக்கினால் கயிறு நிற்கும். கையை விட்டால் ஒன்றின் முறுக்கு மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். பின்னலில் முறுக்கே வேண்டாம். கூந்தலை மூன்று காலாகப் பிரித்து, வலப்பக்கக் காலை நடுக்காலின் மேல் போட வேண்டும். இப்போது அதுவே நடுக்கால். பிறகு இடப்பக்கக் காலை அதன் மேல் போட வேண்டும். இதையே நுனி வரை மாற்றி மாற்றிச் செய்தால் மூன்று கால் பின்னல். ஒவ்வொரு காலையும் மற்ற இரண்டும் அழுத்திப் பிடிப்பதால் அது குலையாது. நான்கு கால், ஐந்து கால் என்று போகப் போகப் பின்னல் தட்டையாகவும் அகலமாகவும் வரும். பூத் தைக்க அகலமான பின்னல் நன்றாக இடம் கொடுக்கும். இழை என்று எழுத்தில் எழுதுகிறீர்கள். எங்கள் கையில் அது கால்தான். சிலர் பிரி என்றும் சொல்வார்கள்.

இனி, படத்தில் இருக்கும் பூச்சடையைப் பற்றி. அது வெறும் பூ வைத்த பின்னல் அன்று. வாழைப்பட்டையைச் சடையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் நறுக்கிக்கொண்டு, அரும்பாக இருக்கும் மல்லிகையை ஈர்க்குச்சியில் கோத்து, அந்தப் பட்டையின் மேல் வரிசையாக ஊசி நூலால் தைப்போம். அரும்பு மலராமல் இருக்க வேண்டும். மலர்ந்த பூ ஊசிக்குத் தாங்காது. நடுவில் கனகாம்பரமோ மரிக்கொழுந்தோ வைத்துக் கோடு போடுவோம். பிறகு பட்டையைப் பின்னலோடு சேர்த்து, மயிர் இழுபடாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தையல் பிடிப்போம். தாழம்பூவாக இருந்தால் ஓரத்து முள்ளை முதலில் சீவி எடுத்துவிட்டு, மடலை மடித்து மடித்து வைக்க வேண்டும். பெண்பிள்ளை அவ்வளவு நேரமும் குனியாமல் திரும்பாமல் உட்கார்ந்திருப்பாள். கழுத்து வலியில் கண்ணீர் வந்துவிடும். முடிந்ததும் நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, இன்னொரு கண்ணாடியைக் கையில் பிடித்துத் தன் பின்புறத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

நகைகளின் பெயரையும் கவனியுங்கள். உச்சியில் ராக்கொடி, அதன் கீழ் நீளம் முழுவதும் சடைபில்லை அல்லது சடைநாகம், நுனியில் குஞ்சலம். முடி போதாதவர்களுக்குச் சவுரி. சடைநாகத்தைப் பின்னல்நாகம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொங்கும் வடிவத்தின் மேல் வைக்கிற நகை என்பதால், வடிவத்தைச் சொல்லும் பெயரோடுதான் அது சேருகிறது. உரைவழி ஐயா சொன்னது எங்கள் நகைப்பெட்டியிலும் பொருந்துகிறது.

---

வடமராட்சி

கால் என்ற சொல்லை இன்றுதான் இந்தப் பொருளில் அறிகிறேன். நன்றி அம்மா. கோலாட்டத்திலும் பின்னல் கோலாட்டம் என்று ஒன்று உண்டல்லவா? மேலிருந்து தொங்கும் கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்து, எதிரெதிராக ஓடி ஆடும்போது மேலே ஒரு பெரிய பின்னல் உருவாகும். அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் அவிழ்ந்துவிடும். அவிழ்க்கத் தெரிந்தால்தான் பின்னத் தெரிந்ததாக அந்த ஆட்டத்தில் கணக்கு.

---

மதுரைக்காரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. உரைவழி அவர்களிடம் ஒரு கேள்வி. வடிவம், வேலை என்ற பிரிவு மனத்தில் நன்றாகப் பதிந்தது. ஆனால் துறவியின் சடைக்கும் என் அம்மாவின் சடைக்கும் இடையே, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எடுத்துக்காட்டு இலக்கியத்தில் உண்டா? பெண்ணின் தலையில், ஆனால் பின்னாமல்?

---

உரைவழி

உண்டு; நீங்கள் கேட்டதும் மனத்தில் வந்தவள் அசோகவனத்துச் சீதை. வான்மீகி அவளை ஏகவேணி உடையவள் என்கிறார். வேணி என்பது பின்னிய கூந்தல். கணவனைப் பிரிந்தவள் கூந்தலைப் பலவாறு ஒப்பனை செய்யாமல் ஒற்றையாக விடுவது மரபு. இதே வேணி என்ற சொல்லைத்தான் நாகவேணி, கிருஷ்ணவேணி என்று பெயராக வைக்கிறோம். கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரியாத சரசுவதியும் கூடுவதாகச் சொல்லும் பிரயாகை திரிவேணி ஆனதும் இதனால்தான்: பூத்தொடுப்பவர் அம்மா சொன்ன மூன்று கால் பின்னல் அது.

கம்பர் அந்த ஏகவேணியைத் தமிழில் எப்படிச் சொன்னார் என்பதுதான் நம் இழைக்கு முக்கியம். சுந்தர காண்டத்தில் காட்சிப் படலத்தில் அவளைக் "குமையுறத் திரண்டு ஒரு சடையாகிய குழலாள்" என்கிறார். பின்னிய என்று அவர் சொல்லவில்லை. திரண்டு, ஆகிய என்ற இரண்டு வினைகளையும் பாருங்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. எண்ணெயும் சீப்பும் இல்லாமல் நாட்கள் போகப் போகக் கூந்தல் தானே திரண்டு ஒரு சடையாக ஆகிவிட்டது. சீதையின் தலையை வாரிவிட அங்கே ஒரு கை இல்லை என்பதை அவர் அந்த "ஆகிய" என்ற சொல்லிலேயே வைத்துவிட்டார். பின்னல் என்று எழுதியிருந்தால் அந்தத் தனிமை போயிருக்கும். பின்னலுக்கு எப்போதும் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். தானே பின்னிக்கொள்பவளும் யாரிடமோ பழகித்தான் பின்னுகிறாள்.

உங்கள் மாமியார் அந்தக் காலையில் உங்களைப் பார்த்துச் சொன்ன சடை, கம்பர் எழுதிய இந்தச் சடைதான் என்பது என் எண்ணம். "இழுத்து விடுறன்" என்று அவர் உடனே சேர்த்துச் சொன்னதையும் மறந்துவிட வேண்டாம்.

---

கோவில்பட்டி வாசகர்

ஒரு சிறு எச்சரிக்கை. சலித்துக்கொள்வதைச் "சடைத்துக்கொள்ளுதல்" என்றும், சோர்வைச் சடைவு என்றும் சொல்வதுண்டு. அதையும் முடியோடு சேர்த்துக் கதை கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒலி ஒன்றாக இருப்பதாலேயே உறவு உண்டாகாது. பின்னால், பின்னல் என்பதில் இப்போதுதான் பார்த்தோம்.

---

மதுரைக்காரி

உரைவழி அவர்களின் பதிவை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உமது அம்மாவுக்கு இதை ஆர் பின்னி விட்டது?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதும் இல்லை. உடனே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடம் கேட்டோம். பின்னியது அம்மாவின் அத்தை, பூத் தைத்தது தெருக்கோடியில் பூ விற்ற ஓர் அம்மாள். நான்கு கால் பின்னல். மொட்டு காலையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தது. குஞ்சலம் இரவல் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

படத்தின் அடியில் இப்போது இரண்டு சொற்களும் இருக்கின்றன. "பூச்சடை தைத்த அன்று. பின்னல்: அத்தை" என்று எழுதியிருக்கிறேன்.